பேசாத வீட்டுச் சாவி

எங்கள் தெரு ஒற்றுமையான தெரு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ராஜபாளையத்தில் அதைவிடச் சண்டைக்காரத் தெரு ஒன்று இருந்திருந்தால் எனக்குத் தெரியாது. முக்கால்வாசிப் பேருக்குப் பஞ்சு மில்லில் வேலை. மூன்று ஷிப்டு ஓடியதால் எந்நேரமும் கொஞ்சம் பேர் தெருவில் இருப்பார்கள். இருப்பவர்கள் மில்லுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசுவார்கள். சங்கு ஊதினால் ஆள் மாறும், பேச்சு மாறாது.

தொண்ணூறுகளில் ஒரு குழு வந்தது. சமுதாய மேம்பாடு சொல்லித்தருகிறோம் என்றார்கள். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தோளில் ஜோல்னாப் பை எல்லாம் இருந்தது. பெண்களைப் பிள்ளையார் கோவில் முன்னால் வட்டமாக உட்காரவைத்து, இத்தனை கஷ்டத்திலும் இந்தத் தெரு சிதறாமல் நிற்கிறதே, அதற்கு அடிப்படை என்ன என்று கேட்டார்கள். இட்லிக்கடைக்காரம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "சந்தேகம்" என்றார். வந்திருந்த பெண் சிரித்துக்கொண்டே சார்ட்டில் பெரிய எழுத்தில் 'நம்பிக்கை' என்று எழுதி, சுற்றிலும் பூப்போட்டார். பிஸ்கட் கொண்டுவந்திருந்தார்கள் என்பதால் யாரும் திருத்தவில்லை.

ஆனால் இட்லிக்கடைக்காரம்மா சொன்னதுதான் சரி. அதைச் சொல்லப் போனால் என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தெருவின் சந்தேகத்தில் வசமாக மாட்டிக்கொண்டது அந்தக் கல்யாணம்தான்.

பிள்ளையார் கோவிலை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட அறை ஒன்று இருந்தது. தெருவுக்குப் பொதுவான சமையல் பாத்திரங்கள் அதற்குள் இருக்கும். சோறு பொங்குகிற கிடாரம், அண்டா, சாம்பார் வாளி, ஆள் உயரக் கரண்டிகள், பந்திக்கு விரிக்கிற ஜமுக்காளம். கல்யாணமோ சாவோ, தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் ஒரே பூட்டு. சாவி தெருப் பெரியவர் ஒருவரிடம் இருந்தது. ரொம்ப நல்ல மனுசன் என்று பேர். அந்த நல்ல மனுசன் செட்டியார்பட்டியில் இருந்த மகள் வீட்டு விசேஷத்துக்கு அனுப்பிய கிடாரம் திரும்பி வரவே இல்லை. கேட்டதற்கு, நம்ம புள்ள வீட்டுலதான இருக்கு, எங்க போயிரப்போகுது என்றாராம். அன்றோடு எங்கள் தெருவுக்கு நல்ல மனுசர்கள்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

கூடிப் பேசி மூன்று பூட்டுப் போட்டார்கள். மூன்று சாவியும் மூன்று வீட்டில். இவ்வளவு வரைக்கும் எந்த ஊரிலும் செய்வார்கள். எங்கள் ஆட்கள் இன்னும் கொஞ்சம் யோசித்தார்கள். ஒருவன் தனியாகத் திருடுவான், சிநேகிதமான மூன்று பேர் சேர்ந்து திருடுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மூன்று பேர் எப்படிச் சேர்ந்து திருடுவார்கள்? அதனால் சாவி இருக்கிற மூன்று வீட்டுக்குள்ளும் பேச்சுவார்த்தை இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ரெண்டு வீடு ராசியாகிவிட்டால் ஒரு சாவி உடனே வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும். புதிதாகச் சாவி வாங்குகிற வீடும் மற்ற ரெண்டு வீட்டோடு சண்டையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. பாத்திரத்தைத் தொலைத்தவனோ உடைத்தவனோ, அதைவிட ஒரு அளவு பெரிதாக வாங்கி வைக்க வேண்டும். தெருவில் தொலைப்பவர்களுக்கும் குறைச்சல் இல்லை. வருடம் ஆக ஆகப் பாத்திரங்கள் வளர்ந்துகொண்டே போயின. நான் பெரிய மனுசியாகி நிற்கிற சமயத்தில் சாம்பார் வாளியை ஒற்றை ஆள் தூக்க முடியாது. ரெண்டு பேர் தூக்க, மூன்றாவது ஆள் ஊற்றுவார்.

ஒரு சாவி எங்கள் அப்பாவிடம் இருந்தது. இன்னொன்று எதிர்வீட்டுக்காரரிடம். அப்பா வேலைபார்த்த அதே மில்லில் அவர் பிட்டர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், முறைக்கு எனக்கு மாமா. மூன்றாவது சாவி இட்லிக்கடைக்காரம்மாவிடம். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நமக்குப் புரியக் கூடாது என்று நினைப்பதை அவர் தெலுங்கில் சொல்வார், கோபம் கூடினால் புரிய வேண்டுமென்று தமிழுக்கு வந்துவிடுவார்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை வந்தது ஒரு நாயால். மாமா வீட்டில் வெள்ளை நாய் ஒன்று நின்றது. எங்கள் ஊர் நாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோறு போடுகிறவனைத் தவிர உலகமே திருட்டுப்பயல்கள் என்று அதற்கு எண்ணம். ஒருநாள் அப்பா ஏதோ கேட்க அந்த வீட்டுக்குள் போயிருக்கிறார். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் மறுபடி படுத்துக்கொண்டது. வாசலில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட, மாமா விளையாட்டாக, "அது ஆளப் பாத்துத்தான் கொரைக்கும்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா வெளியே வந்தவர்தான், அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நாய் கடித்து விரோதமான குடும்பங்களை எனக்குத் தெரியும். கடிக்காததால் விரோதமானது எங்கள் குடும்பம்தான்.

இட்லிக்கடைக்காரம்மாவுக்கு ரெண்டு பேரோடும் தகராறு. அவருடைய சட்னியைப் பார்த்து, இது கை கழுவுறதுக்கா என்று அப்பா கேட்டிருக்கிறார். மாமாவின் நாய் அவருடைய மாவுப் பானையில் வாய் வைத்திருக்கிறது.

ஆக, பாத்திரம் வேண்டுமென்றால் மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்க் கூப்பிட வேண்டும். என்ன விசேஷம், யார் வருகிறார்கள், எத்தனை பேருக்குச் சமையல் என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். யார் வீட்டுத் துக்கத்தையும் சந்தோஷத்தையும் தெருவுக்குத் தெரியாமல் மறைக்க முடியாது. மூன்று பேரும் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பூட்டைத் திறப்பார்கள்.

அப்பாவுக்கு அந்தச் சாவி என்றால் உயிர். மில்லில் மேஸ்திரி என்றுதான் பேர். மேலே உள்ளவன் வைவான், கீழே உள்ளவன் முறைப்பான். வீட்டில் அம்மா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் தெருவில் ஒன்று என்றால், எங்கள் வாசலில் ஆள் வந்து நின்று, "அண்ணாச்சி, செத்த வரணும்" என்று காத்திருப்பார். அப்பா வேண்டுமென்றே சட்டையை மெதுவாக மாட்டுவார். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்குகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு படி இறங்குவார். மாமாவும் இதே கூத்துத்தான் அடிப்பார் என்று பின்னாளில் அந்த வீட்டுக்கு வாழப்போனபோது தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளில் ஒரு வருடம், போனஸ் தகராறில் மில் கதவை மூடிவிட்டார்கள். முதல் மாதம் எல்லாரும் யூனியன் ஆபீசில் உட்கார்ந்து வீரம் பேசினார்கள். அடுத்த மாதம் தெருவில் அடுப்புப் புகை குறைந்தது. அப்போதுதான் பொதுவில் கஞ்சித்தொட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று இன்றுவரை சண்டை நடக்கிறது.

பிள்ளையார் கோவில் பின்னால் கோட்டை அடுப்பு வெட்டினார்கள். ஆளாளுக்கு இருந்ததைக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் முருங்கைக்கீரை, தோப்பு வேலைக்குப் போனவர்கள் கூலியோடு கேட்டு வாங்கிவந்த தேங்காய். யார் எம்புட்டுக் கொடுத்தார் என்று யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டிய அவசியமும் இல்லை, எல்லார் கண்ணும் எல்லார் பையிலும்தான் இருந்தது.

வளர்ந்து கிடந்த பாத்திரங்களின் அருமை அப்போதுதான் தெரிந்தது. ஒரே உலையில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துப் பொங்க முடிந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் பாவம், பெருந்தன்மையானவர்கள். தொலைத்தவனையெல்லாம் மன்னித்து மன்னித்து, அவர்கள் பொதுவில் வாங்கி வைத்திருந்ததில் ஒரு சட்டிகூட மிஞ்சவில்லை.

காலையும் மாலையும் மூன்று சாவியும் வந்தால்தான் உலை ஏறும். ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்தார். சாவியை என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். "அவன் வந்து நிக்கையில நான் வரலன்னா என்ன நெனைப்பான்?" என்றார். நினைத்தால் என்ன என்று கேட்க வந்து, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஒரே அடுப்பில் புகை தின்றவர்கள் எத்தனை நாள் உர்ரென்று இருக்க முடியும்? காம்பவுண்டுச் சுவருக்காகக் கோர்ட்டு வரை போன அண்ணன் தம்பி ராசியாகி, அந்தச் சுவரிலேயே வாசல் வைத்தார்கள். ரெண்டு யூனியன்காரர்களும் ஒரே பீடியைப் பற்றவைத்தார்கள். வேலை வெட்டி இல்லாமல் மாசக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் விரோதம் நிற்காது. சாவிக்காரர்கள் மூன்று பேர் மட்டும் பதவியின் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் நான் கிடாரத்துக்குள் இறங்கினேன். சோறு பொங்கிய கிடாரத்தை வெளியே நின்று தேய்க்க முடியாது, உள்ளே இறங்கித்தான் தேய்க்க வேண்டும். ஒல்லியாக இருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாமாவின் மகன் ஆலங்குளம் அரசு சிமெண்ட் ஆலையில் வேலைபார்த்தார். வேலை முடிந்து, தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசி படிந்து வருவார். வந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து மேலிருந்து ஊற்றுவார். நான் உள்ளே நின்று தேய்ப்பேன். நான் ஏதாவது சொன்னால் கிடாரத்துக்குள் முழங்கி, என் குரலே எனக்கு ஆம்பளைக் குரலாகக் கேட்கும். அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே அவர் ஆசைப்பட்டதாகச் சொல்வார். எனக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. வேறு யாரையாவது கட்டிவைத்தால் கிணற்றில் விழுவேன் என்றெல்லாம் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கஞ்சித்தொட்டி நடக்கிற காலத்தில் அது பெரிய மிரட்டல் ஒன்றும் இல்லை.

அம்மாக்கள் ரெண்டு பேருக்கும் எப்போதும் பேச்சு உண்டு. சண்டை ஆம்பளைகளோடு சரி. ரேஷன் கடை வரிசையில் நின்றே என் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். முறைப் பையன், சர்க்கார் உத்தியோகம், எதிர்வீடு. அப்பாவும் மறுக்கவில்லை. மில் திறந்ததும் தேதி பார்க்கலாம் என்றார்.

மில்லும் திறந்தது. ஆனால் தேதி பார்க்கும் முன்னால் தெரு வீட்டுக்கு வந்தது. யூனியன்காரர், டீக்கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர். காப்பியைப் பாதி குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணம் ரொம்ப சந்தோஷம், சாவி எங்கே போகும் என்று கேட்டார்கள். சம்பந்தி வீட்டில் ஒன்று, இந்த வீட்டில் ஒன்று என்றால் மூன்றில் ரெண்டு சாவி ஒரே குடும்பத்தில் என்றுதானே அர்த்தம்? நாளைக்கு மகளுக்குச் சீர் என்று கிடாரம் எதிர்வீட்டுக்குப் போகாது என்று என்ன நிச்சயம்? கல்யாணப் பெண்ணான நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தேய்த்த கிடாரத்தையே நான் திருடப்போகிறேன் என்று இவர்கள் சொன்னபோது, மீதிக் காப்பியைப் பிடுங்கிக்கொண்டு வரலாமா என்று இருந்தது.

அப்பா, எதிர்வீட்டுக்காரன் சாவியைக் கொடுக்கட்டும் என்றார். எதிர்வீட்டில் மாமாவும் அதையே சொன்னாராம். மாசக்கணக்கில் அப்படியே கிடந்தது. அம்மா ஒருநாள் சாணைக்கல்லில் அரிவாள்மனையைத் தீட்டிக்கொண்டே, "அந்தச் சாவியையே கழுத்துல கட்டிக்கிட்டு, அதுகூடவே குடித்தனம் நடத்தும்" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். இந்த வேகத்தில் போனால் எங்கள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு சாவி வைக்கலாம் போல இருந்தது.

கடைசியில் அம்மாக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தெருக்காரர்கள் கண்ணில் படாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், ஆண்டாள் கோவில் மண்டபத்தில் வைத்து ரெண்டு ஆம்பளைகளையும் பேசவைத்துவிடுவது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போவதை யார் கேட்கப்போகிறார்கள்? நாங்கள் ஒரு பஸ்ஸில் போனோம், அவர்கள் அடுத்த பஸ்ஸில். அப்பா இறங்கியதும் பால்கோவா வாங்கினார். யாருக்கு என்று கேட்டதற்கு, சாமிக்கு என்றார். பால்கோவா சாமிக்குப் படைக்கிறவரில்லை அவர். மண்டபத்தில் உட்கார்ந்து, உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாவிய நீயே வச்சுக்கோ, நான் கொடுத்துருதேன் என்று ஒரு தடவை எனக்கே கேட்டது.

மாமா வாசல் தாண்டி உள்ளே வந்தார். அப்பா எழுந்தார். மாமா இவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார், முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் அவருக்குப் பின்னால் எங்கள் தெரு முழுவதும் வந்துகொண்டிருந்தது. யூனியன்காரர், டீக்கடைக்காரர், சுவரில் வாசல் வைத்த அண்ணன் தம்பி, எல்லாருக்கும் அன்றைக்குத்தான் பக்தி பொங்கியிருக்கிறது. அதற்கடுத்த பஸ்ஸில் வந்தார்களாம்.

மண்டபத்திலேயே கூட்டம் கூடிவிட்டது. அப்பா சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நான் கொடுக்கிறேன் என்றார் மாமா. சரி, யாரிடம் கொடுப்பது? சட்டப்படி மற்ற ரெண்டு சாவிக்காரர்களோடும் பேச்சில்லாத வீடு வேண்டும். தேடினார்கள். ஒவ்வொரு வீடாகச் சொல்லிப் பார்த்தார்கள். கஞ்சித்தொட்டியில் எல்லாரும் ராசியாகித் தொலைந்திருந்தார்கள். ஏலே, நீ இவிய கூடச் சண்டை போட்டியே, என்னாச்சு என்று யூனியன்காரர் ஒருவனைப் பிடித்து உலுக்கினார். அவன் மன்னிப்புக் கேட்கிற குரலில், பொறவு சமாதானமாயிட்டோம் அண்ணாச்சி என்றான். தெரு முழுக்கத் தேடியும் உருப்படியான விரோதி ஒருவர் கிடைக்கவில்லை.

அப்போது இட்லிக்கடைக்காரம்மா எழுந்தார். முதலில் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு, அப்பாவோடும் மாமாவோடும் பேச்சு இல்லாததால், ஒரு தூணைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"பிள்ளைய ரெண்டும் கட்டிக்கிடட்டும், அதுகளுக்கென்ன. ஆனா பெரியாளுக ரெண்டு பேரும் பேசக் கூடாது. சாவி கையில இருக்கிற வரைக்கும் பேச மாட்டோம்னு தாயார் முன்னால சொல்லிட்டுப் போகட்டும்."

எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று. நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். ரெண்டு பேரும் சரி என்று தலையை ஆட்டினார்கள். சாமியையே கட்டிக்கொள்வேன் என்று சாதித்த பெண் உள்ளே நிற்கிறாள். கல்யாணம் ஆக வேண்டும் என்று ஊரே அவளிடம் வந்து வேண்டிக்கொள்ளும். அங்கே போய் ரெண்டு சம்பந்திகள், இனிமேல் பேச மாட்டோம் என்று கைகூப்பிச் சத்தியம் செய்தார்கள். வெளியே வந்ததும் அப்பா பால்கோவாப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "ஏட்டி, இத அவிய வீட்டுல குடுத்துரு" என்றார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மாமா நின்ற பக்கம் நடந்தேன்.

கல்யாணம் தெருப் பாத்திரத்தில்தான் நடந்தது. சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில், அப்பா சந்தனக் கிண்ணத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நகர்ந்தார், மாமா நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டார். அய்யர் மூக்கில் விரலை வைத்தார்.

அதற்கப்புறம் நான் எதிர்வீட்டில் வாழ்ந்த வருடங்களெல்லாம் இந்தக் கோமாளித்தனத்தைப் பார்த்தேன். அப்பா அந்த வாசலில் உட்கார்ந்திருப்பார், மாமா இந்த வாசலில். நடுவில் தெரு. மழை வந்தால் மாமா வானத்தைப் பார்த்து, கொடியில கெடக்கிற வேட்டிய எடுக்க மாட்டாக போல என்பார். அப்பா எழுந்து போய் வேட்டியை எடுப்பார். எனக்கு மகள் பிறந்ததும் அவளை நடுவில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். உங்க தாத்தாகிட்டச் சொல்லு, கரண்டு பில்லு கட்டுற நாளு வந்துட்டுன்னு. பிள்ளை தூங்கிவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைத் தெரு கண்டுபிடித்துவிட்டது. கூட்டம் போட்டு, பிள்ளை முழித்திருந்தால் சரி, தூங்கினால் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைப் பெற்றவர்களின் வாயை அடைத்துவிட்டு இவர்கள் பாத்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிடும்போது சிரித்துப் பேசினால், முன்வாசலில் மாமா தனியாக உட்கார்ந்திருப்பது உறுத்தும்.

வேண்டுமென்றால் ரெண்டு பேரும் பஸ் ஏறி எங்கேயாவது போய்ப் பேசியிருக்கலாம். ஏன் பேசவில்லை என்று ஒருமுறை மாமாவிடமே கேட்டேன். "யாரும் பாக்கலன்னா பேசிருவோம்னு தெரிஞ்சா, அந்தச் சாவிக்கு என்னம்மா மதிப்பு?" என்றார்.

காலம் மாறியது. கல்யாண மண்டபங்கள் வந்தன, பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடைகளும் வந்தன. ஆனால் சாவு வீட்டுக்கு எந்த மண்டபமும் கதவைத் திறக்காது. அதற்கு மட்டும் மூன்று சாவியும் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஞ்சுத்தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், கேட்டதைக் கொடுங்கள், அதிகம் பேசவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து படுத்ததும், என்ன வேண்டும் என்று கேட்டேன். "பேசணும்" என்றார். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றேன்.

"இம்புட்டு வருசம் பேசாம இருந்தது போதாதாமா அவருக்கு?"

மறுநாள் பட்டப்பகலில், ஷிப்டு விட்டு ஆட்கள் தெருவில் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பிள்ளையார் கோவிலுக்குப் போனார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து, பிள்ளையாரின் கையில் மாட்டினார். கூடியிருந்தவர்களைப் பார்த்தார்.

"இந்தத் தெருவுல யாரு கூடயும் பேச்சு இல்லாத ஆளு இவரு ஒருத்தருதான். சாவி இவருகிட்ட இருக்கட்டும்."

சட்டத்தில் எந்த ஓட்டையும் இல்லை. இட்லிக்கடைக்காரம்மா தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார், அதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை. அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே செய்திருக்கக்கூடிய காரியம் இது, அத்தனை பேர் மண்டையில் ஒருவருக்கும் ஏறவில்லையே என்று அழுதாள்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் மாமா தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் போய், அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா படுத்தார். "சாப்ட்டியா?" என்றார் மாமா. "ம்" என்றார் அப்பா. நான் அடுக்களைக்கு வந்துவிட்டேன். அங்கே நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மாமா வந்துவிடுவார். கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேச்சுத்தான். அப்பாவுக்குப் பாதி வாக்கியத்தில் மூச்சு நின்றுவிடும், மாமா மீதியைச் சொல்லுவார். நான் காப்பி கொண்டுபோனால் ரெண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். வெளியே வந்து கதவைச் சாத்தியதும் சிரிப்புச் சத்தம் வரும், கூடவே இருமலும். அம்மா வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். அந்த மாதம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பாத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளையார் கையிலிருந்து நானே சாவியை எடுத்து ஒரு பூட்டைத் திறந்தேன். இட்லிக்கடைக்காரம்மா ஒன்று. மாமா ஒன்று. சமையல் முடிந்து, தெருவே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. மாமா சாப்பிடாமல் ஒரு தூணில் சாய்ந்திருந்தார். அத்தனை பேருக்கும் மனதில் இருந்த கேள்வியை யூனியன்காரர்தான் கேட்டார். "கதவச் சாத்திக்கிட்டு அப்படி என்னதான் அண்ணாச்சி பேசுனீய ரெண்டு பேரும்?"

மாமா பந்தி முழுவதையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஒங்களத்தான் ஏசுனோம். வடக்கு மூலையில ஆரம்பிச்சு வீடு வீடா வஞ்சுக்கிட்டே வந்தோம். தெக்கு வரிசையில நாலு வீடு பாக்கி. அதுக்குள்ள போயிட்டான்."

பந்தியில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மாமா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். தெற்கு வரிசைக்காரர்கள் நாலு பேர் இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு அவர் பக்கத்தில் போய் நின்றார்கள்.